கல்வெட்டு எழுதுகிறவளின் மேசையில் நூலகம் இணையத்தளம்

கடந்த 9 ஆண்டுகளாக எனக்குச் சோறு போடுவது கல்வெட்டு. வரலாற்று ஆய்வாளர் படியெடுக்கும் கல்வெட்டைச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால், 31ஆம் நாள் சடங்குகளான அந்தியேட்டியும் வீட்டுக்கிருத்தியமும் முடிந்து, மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் கைகழுவி எழும்பும்போது ஒரு சிறு புத்தகத்தைக் கையில் கொடுப்பார்கள். முன் அட்டையில் அமரரின் படம் இருக்கும். உள்ளே பஞ்சபுராணம், திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, மனைவி மக்கள் புலம்பல், கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். நினைவு மலர் என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும் ஊர் வாயில் அது கல்வெட்டுத்தான். அதை எழுதிக் கொடுப்பது என் தொழில். சம்பளம் தரும் முதலாளி கிடையாது. ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சுவிஸ், சில வேளை பக்கத்துத் தெரு என்று எங்கிருந்தாவது வட்ஸ்அப்பில் அழைப்பு வரும், எழுதுவேன்.

இந்த வேலைக்கு நான் நாள்தோறும் திறக்கும் ஓர் இணையத்தளத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம்தான் அது. ஆராய்ச்சி மாணவர்களும் பேராசிரியர்களும் அதைப் பாராட்டி எழுதியதைப் பார்த்திருக்கிறேன். என்னைப் போல் கூலிக்கு எழுதுகிற ஒருத்திக்கு அது என்ன செய்து தருகிறது என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

முதலில் தொழிலைப் பற்றிக் கொஞ்சம். நான் தனியாக எழுத வருவதற்கு முன் 12 ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் அச்சுப்பிழை பார்க்கும் ஒப்புநோக்குநராக இருந்தேன். அங்கே புலம்பல்கள் தயாராகவே இருக்கும். கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, மருமக்களுக்கு ஒன்று. பெயரை மட்டும் மாற்றிப் போடுவார்கள். ஆலமரம் சாய்ந்துவிடும், விளக்கு அணைந்துவிடும், கூடு கலைந்துவிடும். ஒருநாள் மூன்று பெண்பிள்ளைகளைப் பெற்ற ஒரு தகப்பனின் கல்வெட்டு வந்தது. அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. புலம்பலில் ‘மைந்தர் நால்வரும்’ என்று அச்சாகிவிட்டது. அந்தப் பக்கத்தின் படியை என்னிடம் யாரும் தரவில்லை. 400 பிரதிகளும் கட்டி முடிந்த பிறகு அந்த மூன்று பெண்களும் கடை முகப்பில் வந்து நின்றார்கள். மூத்தவர் ஒரு பிரதியைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. விரலை எடுக்கவும் இல்லை. நான் அச்சகத்தை விட்டு வந்து தனியாக எழுதத் தொடங்கியதற்கு அந்த விரல்தான் காரணம்.

31 நாள் என்று பெயர். எழுதக் கிடைப்பது 12 நாள் இருந்தால் பெரிது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும்வரை யாருக்கும் கல்வெட்டு நினைவு வராது. அச்சுக்கும் கட்டுவதற்கும் 10 நாள் விட்டுவிட வேண்டும். அந்த இடைவெளியில் ஐந்தாறு பேருடன் பேச வேண்டும். கனடாவில் வேலை முடிந்து வருகிறவருக்கு இரவு வசதி என்றால் எனக்கு அது விடியற்காலை. வரலாறு, திதி வெண்பா, ஐந்து புலம்பல், வம்சாவளி எல்லாம் சேர்த்து 25,000 ரூபா வாங்குகிறேன். பாதி முன்பணம். இதைக் கேட்கக் கூச்சமாக இருந்த காலத்தில் இரண்டு வீடுகளில் காசு வரவே இல்லை. துக்க வீட்டில் காசு பேசுவது தவறு என்று நினைக்கும் புதியவர்களுக்கு என் சொல் இது: முதல் அழைப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பந்தல்காரரும் சமையல்காரரும் சொல்கிறார்கள், எழுதுகிறவரும் சொல்லலாம்.

இனி நூலகம். 2005இல் தன்னார்வலர்கள் சிலர் தொடங்கியது. இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், பிரசுரங்கள், சிறப்பு மலர்கள் எல்லாவற்றையும் ஒளிவருடி, யாரும் காசு கொடுக்காமல் வாசிக்கும்படி வைத்திருக்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் போயின என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரே கட்டடத்தில் ஒரே பிரதியாக இருந்தால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த அச்சம் எங்கள் தலைமுறைக்குள் இருக்கிறது. நூலகத்தின் முகப்பைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த அச்சத்துக்கு யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

என்னைக் கட்டிப்போட்டது அவர்களின் ஒரு முடிவு. பெரிய எழுத்தாளர்களின் நூல்களோடு நிறுத்திக்கொள்ளாமல், நினைவு மலர்களுக்கு என்று தனி வகுப்பே வைத்துக் கல்வெட்டுகளைச் சேர்த்தார்கள். சைவக் குருக்கள், கிராம விதானை, சுருட்டுக் கடைக்காரர், தையல் ஆசிரியை, ஒரு தோட்டக்காரரின் மனைவி என்று வேறெந்த நூலகமும் தட்டில் வைக்காத மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள். இவர்களைப் பற்றி வாழ்நாளில் அச்சான ஒரே புத்தகம் அந்தக் கல்வெட்டுத்தான்.

நான் அங்கே முதன்முதலில் போனது தொழிலுக்காக அல்ல. எங்கள் வீட்டில் சாமியறை லாச்சிக்குள் (இழுப்பறைக்குள்) கல்வெட்டுகள் அடுக்கி வைத்திருந்தோம். 1995 ஒக்டோபர் 30ஆம் தேதி போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே இரவில் ஊரைவிட்டு எழும்பியபோது அம்மா எடுத்துக்கொண்டது அரிசியும் அடையாள அட்டைகளும். திரும்பி வந்தபோது லாச்சியே இல்லை. அப்பப்பாவின் கல்வெட்டும் அதோடு போயிற்று. பல ஆண்டுகள் கழித்து ஒரு மத்தியானம் அச்சகத்துக் கணினியில் அவர் பெயரையும் ஊரையும் தட்டிப் பார்த்தேன். வந்தது. யாரோ ஒருவர் வீட்டில் மிஞ்சியிருந்த பிரதி. அட்டையின் ஒரு மூலையைச் செல் அரித்திருந்தது. வம்சாவளிப் பக்கத்தில் என் அப்பாவின் பிறந்த ஆண்டு பிழையாக அச்சாகியிருக்க, அதை ஒருவர் நீல மையால் வெட்டிச் சரியான ஆண்டை எழுதியிருந்தார். அந்தக் கையெழுத்து யாருடையது என்று இன்றுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எங்கள் குடும்பத்தை அறிந்த ஒருவர், நாங்கள் அறியாத ஒருவர், அந்தப் பிழையைப் பொறுக்காமல் பேனா எடுத்திருக்கிறார். நான் அன்று அந்தப் பக்கத்தை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா அதைச் சாமியறையில் வைத்தார்.

பக்கங்களின் அமைப்பு எளிமையானது. ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு நூலக எண். அதன் கீழ் ஆசிரியர், பதிப்பகம், வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்று சிறு அட்டவணை. ‘வாசிக்க’ என்ற தலைப்பின் கீழ் பிடிஎப் கோப்பு. பலவற்றுக்கு உள்ளடக்கத்தையும் தட்டச்சு செய்து போட்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் உதவுவது அந்த உள்ளடக்கப் பட்டியல்தான். கோப்பைத் திறக்காமலே இதில் வம்சாவளி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கண்ணை உறுத்தும் விளம்பரமோ, கணக்குத் திறக்கச் சொல்லும் தொல்லையோ இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு, கண் எரியும் நேரத்தில், அந்த அமைதிக்கு எவ்வளவு மதிப்பு என்று என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

இதை வைத்து எப்படி வேலை செய்கிறேன் என்பதற்கு ஒரே ஒரு கல்வெட்டைச் சொல்கிறேன். அந்தக் குடும்பத்தின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள்.

சோபகிருது ஆண்டு (2023) கார்த்திகையில் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு மகள் அழைத்தார். “அக்கா, அம்மாவைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஊரில் மருத்துவமாதுவாக இருந்தா. பிறகு எங்களோடு வந்து இருந்தா. நல்ல அம்மா. அவ்வளவுதான்.” (மருத்துவமாது என்றால் பிள்ளைப்பேறு பார்க்கிறவர்.) இந்த ‘அவ்வளவுதான்’ எனக்குப் பழக்கமான சொல். எல்லா வீட்டிலும் முதல் அழைப்பில் இதைத்தான் சொல்வார்கள். துக்கத்தில் இருக்கும் மனம் விவரங்களைப் பொத்தி வைத்துக்கொள்ளும். நான் அவசரப்படுத்த மாட்டேன். “சரி தங்கச்சி, அம்மாவின் பிறந்த ஊர், அம்மாவின் தகப்பனார் பெயர், பெரியப்பா சித்தப்பாமார் பெயர் மட்டும் சொல்லுங்கள்” என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.

அன்றிரவே நூலகத்தில் அந்த ஊர்ப் பெயரை வைத்துத் தேடினேன். மூன்றாவது முயற்சியில், அந்த அம்மாவின் பெரியப்பா ஒருவரின் 1978ஆம் ஆண்டுக் கல்வெட்டு அகப்பட்டது. வம்சாவளி ஐந்து தலைமுறைக்கு இருந்தது. அதைவிடப் பெரிய புதையல், பெறாமக்கள் (உடன்பிறந்தாரின் பிள்ளைகள்) புலம்பல் என்ற தலைப்பில் இருந்த நாலு பாட்டு. மூன்றாவது பாட்டில், பயிற்சிக்குப் போய்வரச் சைக்கிள் வாங்கித் தந்தீர்களே என்று ஒரு பெறாமகள் அழுகிறாள். பாட்டின் கீழே பெயர் இருந்தது. 22 வயதில் அந்த அம்மா தன் பெரியப்பாவுக்காக அழுத வரி, 45 ஆண்டுகள் கழித்து என் திரையில் இருந்தது.

மறுநாள் மகளிடம் அந்தப் பக்கத்தை அனுப்பினேன். வெகுநேரம் பதில் இல்லை. பிறகு குரல் பதிவு ஒன்று வந்தது. “அந்தச் சைக்கிளை எனக்குத் தெரியும் அக்கா. அதை யார் வாங்கிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியாது.” அதற்குப் பிறகு அவர் பேசிக்கொண்டே போனார். சைக்கிளின் பின்னால் கட்டிய தோல் பை, அதற்குள் இருந்த குழந்தை நிறுக்கும் வில் தராசு, ஸ்பிரிட் மணம், இரவில் யாராவது படலையைத் தட்டினால் அம்மா எழும்பும் வேகம். லண்டனில் இருக்கும் தம்பியோடும் பேசச் சொன்னார்.

தம்பிதான் அந்த இரவைச் சொன்னார். 1995 இடப்பெயர்வு. அவருக்கு அப்போது 11 வயது. செம்மணி வெளியைத் தாண்டி நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கான சனம் ஒரே தெருவில் நகர்கிறது, மழையும் பெய்கிறது. பாலத்தைக் கடந்ததும் ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை வலி. குடாநாட்டில் 1990இலிருந்து மின்சாரம் இல்லை. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்குத்தான். அப்படி ஒன்றை மகன் கையில் கொடுத்து, காற்றுக்கு மறைத்துப் பிடி என்று சொல்லியிருக்கிறார் தாய். பயத்தில் பிள்ளை தாயின் முகத்தையே பார்க்க, “விளக்கைப் பார், என்னைப் பாராதே” என்று அதட்டியிருக்கிறார். “அந்தச் சுடரைத் தவிர வேறொன்றையும் நான் பார்க்கவில்லை. குழந்தை அழுத சத்தம் மட்டும் கேட்டது” என்றார் தம்பி. 39 வயது மனிதர், இதைச் சொல்லும்போது கையைக் குவித்துப் பிடித்திருந்தார். காணொளியில் பார்த்தேன்.

இனித் திதி வெண்பா. இதை எழுதத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள், ஆகவே கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுத் திவசத்துக்குத் தேவையான ஆண்டு, மாதம், பட்சம், திதி நாலும் வெண்பாவுக்குள் வந்தாக வேண்டும். வாக்கிய பஞ்சாங்கமா, திருக்கணித பஞ்சாங்கமா என்பது முதல் கேள்வி. இரண்டுக்கும் திதி முடியும் நேரம் வேறுபடும், வீட்டு வழக்கம் எதுவோ அதுதான். வெளிநாட்டு மரணம் என்றால் நேரத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். அந்த அம்மா கண்மூடியது அங்கே புதன் நள்ளிரவு நெருங்கும் நேரம், இங்கே வியாழன் காலை பத்து மணி. கிழமை மாறினாலும் அந்தக் கணத்துத் திதி ஒன்றுதான்: வளர்பிறை ஏகாதசி.

அடுத்த சிக்கல் ஆண்டின் பெயர். ‘சோபகிருது’ என்பதை ஒரே சீராக வைத்தால் நேர் நிரை நிரை, கூவிளங்கனி. கனிச்சீர் வெண்பாவுக்குள் வரக்கூடாது. ‘சோப’ என்று உடைத்து ‘கிருதாண்டு’ என்று தொடர்ந்தால் மா முன் நிரை வந்து தளை சரியாகும். அப்படி உடைத்ததும் எதுகைக்கு ‘ப’ வேண்டும். தம்பியின் கையில் இருந்த விளக்கு அங்கே எனக்குத் துணைக்கு வந்தது. கார்த்திகை விளக்கீட்டுக்கு மூன்று நாள் முந்திய ஏகாதசி அது.

சோப கிருதாண்டு தோன்றிய கார்த்திகையில்
தீப வளர்பிறை ஏகா தசியதனில்
ஆபத்தில் கைகொடுத்த அன்னை அரன்பாதம்
சேர்ந்த திதியெனச் செப்பு.

மூன்றாம் அடியைப் படித்துவிட்டுத் தம்பி, “இது பொதுவாக எழுதியதா, அந்த இரவையா?” என்று கேட்டார். அந்த இரவைத்தான் என்றேன். வெளியார் படித்தால் பொதுவாகத் தெரியும், வீட்டார் படித்தால் வீட்டுக்குள் போகும். கல்வெட்டு வரி அப்படி இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. 1930களிலும் 40களிலும் இருந்த நல்ல புலவர்கள் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள் என்பதை நூலகத்தில் இருக்கும் பழைய சரமகவிகளை, அதாவது இறந்தவர்மேல் பாடிய பாட்டுகளை, படித்துத்தான் நான் கற்றேன். எனக்கு ஆசிரியர் என்று சொல்ல ஆள் கிடையாது. அந்தக் கோப்புகள்தான் ஆசிரியர்.

பேரப்பிள்ளைகள் புலம்பலுக்கு அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள். தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. அவர்கள் பெயரில் அழுவதற்கு என்ன உரிமை எனக்கு இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் யோசிப்பேன். ஆகவே பிள்ளைகளிடமும் பேசுவேன். பெரியவள் சொன்னாள்: அம்மம்மா பள்ளிக்கூடப் பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்து இவ்வளவு கிலோ என்று சொல்லுவாவாம், குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்தால் சரியாக இருக்குமாம். வில் தராசு பிடித்த கை. அதை அப்படியே பாட்டாக்கினேன். சாய்ந்த ஆலமரமும் அணைந்த விளக்கும் கலைந்த கூடும் அந்தப் புத்தகத்தில் எங்கேயும் வரவில்லை.

இதே தளம் எனக்கு இன்னொரு வகை வேலையிலும் கைகொடுக்கிறது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் உள்ள கோயில்கள் தங்கள் மூர்த்திக்கென்று புதிதாக ஊஞ்சற்பா கேட்கின்றன. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு கோயிலுக்கும் சொந்த ஊஞ்சல் பாட்டு இருப்பது வழக்கம். கொடியிறக்கி, பூங்காவனத் திருவிழாவில் சுவாமியை ஊஞ்சலில் வைத்து ஓதுவார் பாடுவார். பவளக் கால், வயிர விட்டம், மாணிக்கப் பலகை என்று ஊஞ்சலையே கட்டி நிறுத்துவது முதல் பாட்டு. ஒவ்வொன்றும் ‘ஆடீரூஞ்சல்’ என்று முடிய வேண்டும். சென்ற ஆண்டு ஒரு கோயில் நிர்வாகத்தார், தங்கள் ஊர் ஆறும் பனியும் பாட்டில் வர வேண்டும் என்றார்கள். பனியைச் சைவப் பாட்டில் எங்கே வைப்பது? கும்பாபிஷேக மலர்களிலும் கோயில் பிரசுரங்களிலும் இருக்கும் ஊஞ்சற்பாக்களை இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். கடல் பக்கத்துக் கோயில்களுக்கு எழுதியவர்கள் உப்புக் காற்றையும் சங்கையும் எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று பார்த்த பிறகு, பனிக்கு இடம் தெரிந்துவிட்டது: கயிலைக்காரருக்குப் பனி புதிதில்லையே. அந்தப் பத்துப் பாட்டுக்கும் நான் வாங்கிய தொகை கல்வெட்டைவிடக் குறைவு. சம்மதித்துத்தான் வாங்கினேன்.

நூலகத்தைப் பயன்படுத்த நினைக்கும் மற்ற எழுத்துக்காரருக்குச் சில சொல்ல வேண்டும். பெயரை ஒரே விதமாகத் தட்டிவிட்டு இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். நடராசா, நடராஜா, நடராஜன் மூன்றையும் பாருங்கள். தலைப்பெழுத்தை விட்டுவிட்டு ஊர்ப் பெயரோடு தேடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் ஊர்ப் பாடசாலையின் வெள்ளிவிழா, பொன்விழா மலர்களைப் பாருங்கள். ஆசிரியர் பட்டியலிலும் பழைய மாணவர் பட்டியலிலும் அகப்படுவார். கூட்டுறவுச் சங்க மலர்களையும் விடாதீர்கள். பல ஆவணங்களுக்கு எழுத்துணரியாக்கம் செய்த பாடமும், அதாவது பக்கப் படத்திலிருந்து கணினி படித்தெடுத்த எழுத்தும், இருக்கிறது. ஒரு சொல்லைத் தேடிப் பிடிக்க அது மிகவும் நல்லது. ஆனால் பழைய ஈய எழுத்து அச்சில் எந்த எழுத்துணரியும் தடுமாறும், அதிலும் சீர் பிரித்து அச்சிட்ட வெண்பாவில் கூடுதலாகத் தடுமாறும். தேடுவதற்கு அதை வைத்துக்கொண்டு, எடுத்தாள்வதற்கு முன் பக்கப் படத்தைக் கண்ணால் படிக்க வேண்டும். ஒரு பிறந்த ஆண்டு, ஒரு தாய்ப் பெயர் மாறிப்போனால் வம்சாவளி முழுவதும் கோணிவிடும். பெரிய மலர்களின் கோப்புகள் கனமானவை. போனில் தரவு குறைவாக வைத்திருப்பவர்கள் வைஃபை இருக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

கோபமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய கல்வெட்டுகள் எளிதாகக் கிடைக்கின்றன என்பதற்காக, 60 ஆண்டுக்கு முன் ஒரு புலவர் தன் நண்பருக்கு எழுதிய பாட்டைப் பெயர் மாற்றி இன்றைய கல்வெட்டில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு தடவை கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். ஒன்றில் அமரர் ஒருபோதும் போகாத மலாயாவுக்குப் போய் வந்திருந்தார், மூலப் பாட்டில் இருந்தவர் போயிருந்ததால். இது திருட்டு என்பது ஒருபுறம் இருக்கட்டும். இறந்தவருக்குச் செய்யும் அவமரியாதை. அந்தப் புத்தகம் நாளைக்கு ஒளிவருடப்பட்டு இணையத்தில் ஏறும். அவருடைய பூட்டப்பிள்ளை ஒருத்தி, தன் பூட்டனார் மலாயாவில் இருந்தார் என்று பள்ளிக்கூடத்தில் எழுதுவாள். பொய் அங்கேயிருந்து ஓடத் தொடங்கும்.

என் எழுத்து முறையே நூலகத்தால் மாறியது என்று உண்மையாகச் சொல்ல முடியும். முன்பெல்லாம் 31ஆம் நாள் மத்தியானத்துக்காக எழுதினேன்: வந்தவர்கள் கண்கலங்க வேண்டும், வீட்டார் திருப்திப்பட வேண்டும். இப்போது அந்தச் சைக்கிளைப் போல் ஒரு பொருளாவது, ஒரு தெருப் பெயராவது, ஒரு சம்பள நாளாவது உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அச்சுக்கு விடுகிறேன். ‘அன்பும் பண்பும் நிறைந்தவர்’ என்று எழுதச் சொல்லி வீட்டார் கேட்டால் எழுதுவேன், மறுக்க மாட்டேன். அதன் பக்கத்தில் அந்த அன்பு எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்கு மாப்பால் கொண்டுபோனது என்பதையும் கேட்டு எழுதுவேன்.

நூலகம் நன்கொடையில் நடக்கிறது. எனக்கு அது இலவசம், அவர்களுக்கு இல்லை. ஒளிவருடிகளும் சேமிப்பகமும் வேலையாட்களும் காசு கேட்கும். கல்வெட்டு ஒன்று முடியும்போது ஒரு சிறு தொகையை ஒதுக்குகிறேன். வீட்டாரிடமும் சொல்வேன்: பிரதிகளில் ஒன்றை நூலகத்துக்குக் கொடுக்கச் சம்மதமா என்று. தொலைபேசி எண்களும் வீட்டு முகவரிகளும் இருக்கும் நன்றி நவிலல் பக்கம் வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள்; அது நியாயம், அதை நான் முன்கூட்டியே கேட்டு வைப்பேன். பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள். மருத்துவமாதுவின் பிள்ளைகள் இரண்டு பிரதி கொடுத்தார்கள்.

இதை எழுதும்போது என் மேசையில் போன மாதம் முடித்த கல்வெட்டு இருக்கிறது. சுன்னாகம் சந்தையில் 40 ஆண்டு வெற்றிலை விற்ற ஒரு ஐயாவுக்கு எழுதியது. ஒரு பிரதி எனக்கு, ஒரு பிரதி நூலகத்துக்கு. நேற்று சுவிஸிலிருந்து அவருடைய பேத்தி அழைத்து, வம்சாவளியில் தன் பெரியம்மாவின் பிறந்த ஆண்டு பிழை என்றாள். வீட்டார் தந்த ஆண்டுதான். இருந்தாலும் பிழை பிழைதான். புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். நீல மைப் பேனாவைத் தேடி எடுத்துவிட்டேன். அந்த எண்ணை வெட்டி, மேலே சரியான ஆண்டைத் தெளிவாக எழுதிவிட்டுத்தான் கொடுக்கப்போகிறேன்.